முக்கால் சுற்று

தெல்தெனிய
2024 ஜனவரி 9

அன்புள்ள செல்லப்பா,

நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

பெரிய செயின்சோ மெஷின் செத்துப்போய்விட்டது. பாதி மரத்தில் நின்றது, அதற்குப் பிறகு ஸ்டார்ட் கயிறு அசைய மறுக்கிறது. என் கையாள் அஸ்ஃபரிடம் த்ரீவீலில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அவனிடம்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் நீ போட்ட பிஸ்டன் ரிங் அது. குறை சொல்லவில்லை. ஆனால் சீல் எங்கேயோ காற்று வாங்குகிறது என்று என் மனசு சொல்கிறது. திறந்து பார்.

அவசரம் இருக்கிறது. பள்ளிவாசலுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் நிற்கும் மாரா மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த மழைக்கு ஒரு பக்கத்து வேர் கிளம்பி, யசோதா டீச்சருடைய வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த வீட்டில் பிள்ளைகளோடு நாலு பேர். சின்ன மெஷின்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய மெஷினில் செயின் ஓடுகிற பார் அடிமரத்தின் பாதிக்குக்கூட எட்டாது. எஸ்டேட் ஸ்டோர் மூடின அன்று நீயும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கின இந்தக் கிழட்டுச் செயின்சோவுக்குத்தான் அவ்வளவு நீளப் பாரை இழுக்கிற பலம் இருக்கிறது. பிரேக் கிடையாது, அதிர்வைத் தாங்க ரப்பர் கிடையாது, செயினுக்கு ஒயில் போவதற்கும் பெருவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தாலும் அதுதான் வேண்டும்.

போன் எடுக்காதே. இங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. எழுது. என் மகள் நுஹா கண்டியில் ஃபார்மசி வேலைக்குப் போகிறாள், உன் மகள் சிந்துஜாவும் அங்கே கச்சேரியில் அரசாங்க வேலைக்கு வருகிறாள். இரண்டு பேரும் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக் கடிதத்தை மாற்றிக்கொள்ளட்டும்.

உடம்பு அலுத்துவிட்டது செல்லப்பா. காலையில் விரல் நுனி எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. சுடுதண்ணீரில் வைத்தால்தான் உயிர் வருகிறது. இந்த மாரா மரம் முடிந்தால் ஒரு மாதம் படுத்துக் கிடப்பேன்.

நஸீப்


கடுகண்ணாவை
2024 ஜனவரி 14

நஸீப் நானாவுக்கு வணக்கம்.

நாளைக்குப் பொங்கல். வீட்டில் எல்லோரும் கழுவித் துடைக்கிறார்கள். நான் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிந்துஜாவின் அம்மா என்னையும் சேர்த்துக் கூட்டித் தள்ளாத குறை.

மெஷினைத் திறந்தேன். சைலன்சர் பக்கம் பிஸ்டன் நெடுகக் கீறிப்போயிருக்கிறது. ரிங் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிளக் சுண்ணாம்பு வெள்ளை. ஒயில் காணாமல் ஓடிச் செத்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி காற்று வாங்குகிறதா என்றும் பார்த்தேன். துளைகளை எல்லாம் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தண்ணீர் வாளியில் முக்கினேன். ஒரு குமிழி வரவில்லை. சீல் நன்றாக இருக்கிறது.

பிறகு காபரேட்டரைப் பார்த்தேன். பெரிய ஸ்குரூ ஒன்றரைச் சுற்றுத் திறந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் வைத்து அனுப்பினேன். இப்போது முக்கால் சுற்றில் நிற்கிறது. அதை மூட மூடப் பெற்றோல் குறையும், அதில் கலந்த ஒயிலும் குறையும், மெஷின் கீச்சென்று கத்திக்கொண்டு பலமாக ஓடுவதுபோல இருக்கும், கடைசியில் இப்படி ஆகும். இதையெல்லாம் உங்களுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் காதால் கேட்டு ஸ்குரூ வைப்பதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. மரத்துக்கு வெளியே கரகரவென்று தடித்த குரலில் ஓட வேண்டும், மரத்துக்குள் இறங்கினதும் குரல் தெளிய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

ஆகவே கேட்கிறேன், அந்த ஸ்குரூவில் கை வைத்தது யார்? யாராக இருந்தாலும் இனி கிட்டே விடாதீர்கள்.

பழைய பிஸ்டன் ஒன்று அலுமாரியில் கிடக்கிறது. அதைப் போட்டு ஓட வைக்கலாம். ஆனால் இன்னொரு விஷயம். அஸ்ஃபர் இடது கையைக் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு வந்தான். என்னடா என்று கேட்டதற்கு, "கால் வழுக்கிட்டு அண்ணே" என்று சொல்லிவிட்டு என் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் போன் எடுத்தேன். நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நுஹாதான் எடுக்கிறாள். "வாப்பா வெளிய போயிருக்காங்க மாமா" என்கிறாள். சிக்னல் அவளுக்கு மட்டும் வருகிறது போல.

செல்லப்பா


தெல்தெனிய
2024 ஜனவரி 18

திரு. செல்லப்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

ஸ்குரூவில் கை வைத்தது நான்தான். என் மெஷினில் வேறு யார் கை வைப்பார்கள்? நீங்கள் வைத்து அனுப்பின அளவில் அது சோம்பிப்போய் ஓடியது. நீங்கள் மேசையில் வைத்து ஓட்டிப் பார்க்கிறவர். நான் மரத்தடியில் நின்று ஓட்டுகிறவன். பட்டறை தொடங்கின நாளிலிருந்து நீங்கள் ஒரு பப்பாசி மரத்தையாவது சாய்த்திருக்கிறீர்களா? மழையிலும் சேற்றிலும் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் மெஷினுக்கு என்ன தேவை என்று தெரியும்.

அஸ்ஃபர் வழுக்கித்தான் விழுந்தான். அவனிடம் விசாரணை வைக்க வேண்டாம்.

நுஹாவையும் இதில் இழுக்க வேண்டாம். அவள் சொன்னால் சொன்னதுதான். நான் வெளியேதான் இருந்தேன்.

மெஷினில் பாதி என்னுடையது. எந்தப் பாதியை வேண்டுமானாலும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஓடுகிற பாதியை எனக்கு அனுப்பிவிடுங்கள். பழைய பிஸ்டனே போதும். உங்களுக்கு மனமில்லை என்றால் பிரித்தது பிரித்தபடி சாக்கில் கட்டி அனுப்புங்கள். கண்டியில் வேறு ஆட்கள் இல்லாமல் இல்லை.

நேற்றும் யசோதா டீச்சர் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வந்து நின்றார். என்னவோ சொன்னார். இன்ஷா அல்லாஹ், இந்தக் கிழமைக்குள் வெட்டிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மழை விடவில்லை. அந்த மரம் நாளுக்கு நாள் இறங்குகிறது. வீட்டின் மேல் விழுந்தால் அந்தப் பாவத்தை நீங்கள் பட்டறையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நஸீப்


கடுகண்ணாவை
2024 ஜனவரி 23

நானா,

திரு. என்று எழுதினதை சிந்துஜா பார்த்துவிட்டு, "மாமாக்கு என்ன ஆச்சுப்பா" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். பொய்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் தெல்தெனியவுக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. சண்டை போடத்தான் வந்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, உங்கள் வீட்டு மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து, செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். மழை விட்டிருந்தது. "நானா" என்று கூப்பிட்டேன். கோபத்தில் திரும்பவில்லை என்று நினைத்தேன். இரும்புக் கேட்டைத் தட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "நஸீப் நானா" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நீங்கள் ஒரு பல்லை அராவி முடித்து, ஊதிவிட்டு, அடுத்த பல்லுக்குப் போனீர்கள்.

கோபம் போய்விட்டது. உள்ளே வராமல் திரும்பி இறங்கினேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அஸ்ஃபரைக் கண்டேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். அவன் மீது கோபப்படாதீர்கள், நான்தான் விடவில்லை. "கொப்பு வருதெண்டு மூணு தரம் கத்தினேன் அண்ணே. நானா நிமிரவே இல்ல. இழுத்து விடப் போனேன், என் தோளில விழுந்திட்டு" என்றான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் கேட்கவில்லையாம், அவனே சொல்லாமல் இருக்கிறானாம்.

உங்களுக்குக் காது கேட்கவில்லை நானா. அந்த மெஷின் கீச்சென்று கத்தினது உங்களுக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே போயிருக்கிறீர்கள். நீங்கள் கடிதம் எழுதத் தொடங்கின அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மெஷின் தயாராகிவிட்டது. நன்றாக ஓடுகிறது. அனுப்ப மாட்டேன். நீங்கள் எவ்வளவு திட்டினாலும் சரி, வேறு ஆளை அனுப்பினாலும் சரி. பிஸ்டன் போனால் இன்னொன்று போடலாம்.

செல்லப்பா


தெல்தெனிய
2024 ஜனவரி 30

அன்புள்ள செல்லப்பா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் யாரோடும் பேசவில்லை. பேசினாலும் பதில் கேட்கப் போவதில்லை.

அன்றைக்கு நீ உள்ளே வந்திருக்கலாம். தோளில் கை வைத்திருந்தால் திரும்பியிருப்பேன்.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் விடிய சுபஹுத் தொழுகை நேரத்தில் குருவிச் சத்தம் போனது. குருவிகள் குறைந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். பிறகு தூரத்துப் பள்ளியின் பாங்கு. பிறகு வீட்டுக்காரி றம்லத் கூப்பிடுவது. அவள் நான் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறேன் என்று ஆறு மாதம் முறைத்துக்கொண்டிருந்தாள். நுஹாவுக்குத்தான் முதலில் புரிந்தது. போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் உன்னிடம் சிக்னல் என்று சொன்னதற்கு அவள் ஒத்துப் பேசினாள். பாவம், அவளைப் பொய்க்காரியாக்கிவிட்டேன்.

டொக்டர் பார்த்தார். மெஷின் சத்தத்தால் வந்தது, திரும்பி வராது என்று எழுதிக் காட்டினார். விரல் வெளுப்பது மெஷினின் அதிர்வாலாம். சட்டைப் பொத்தானை இப்போது றம்லத்தான் போட்டுவிடுகிறாள். முன்பெல்லாம் காதுக்குக் கேட்காததைக் கைப்பிடி சொல்லும். இப்போது கையும் சொல்வதில்லை.

அஸ்ஃபருடைய தோளைப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான்.

ஆனால் செல்லப்பா, மரம் நிற்கிறது. டீச்சர் வீட்டுக் கூரையில் அதன் கொப்பு முட்டிவிட்டது. பிரதேச சபை ஆட்கள் வந்து சிவப்புக் கோடு போட்டுவிட்டு, பெரிய மெஷின் வர நாளாகும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். டீச்சரின் பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் படுக்கிறார்கள். டீச்சரும் புருஷனும் சாமான்களைக் காவல் காத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறார்கள். நான் சாகப் போகிறேன் என்று வீரம் பேசவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. இதை விட்டுவிட்டு உட்காரத்தான் ஆசை. இந்த மரம் அந்த வீட்டின் மேல் கிடக்கிற நினைப்போடு உட்கார முடியாது.

ஒரு வழி யோசித்தேன். என் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனையை அஸ்ஃபர் நல்ல கையால் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பான். சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் கேட்டால் ஒரே இழுப்பு. இழுத்தால் நான் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டுக் கயிற்றின் பக்கம் வருவேன். சரி என்றிருக்கிறான்.

இது ஒன்று மட்டும். பிறகு அது உன் பட்டறையிலேயே கிடக்கட்டும்.

நஸீப்


கடுகண்ணாவை
2024 பெப்ரவரி 3

நானா,

உங்கள் கடிதத்தை மடித்து வைத்தேன், எடுத்தேன், மறுபடி மடித்தேன். சிந்துஜாவின் அம்மா, "அனுப்புறதுன்னா அனுப்புங்க, இல்லைன்னா விடுங்க, வீட்ட உழுதுகிட்டே நடக்காதீங்க" என்றாள்.

எனக்குச் சம்மதமில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன். ஆனால் டீச்சர் வீட்டுக் கூரை என்று எழுதிவிட்டீர்கள், ஆகவே மெஷினைத் தருகிறேன்.

ஒன்றரைச் சுற்றில் வைத்து, ஸ்குரூத் துளையை இரும்புப் பசையால் அடைத்துவிட்டேன். இனி அதை நீங்களும் திருக முடியாது, நானும் திருக முடியாது. பெற்றோலில் ஒயிலைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்திருக்கிறேன். புகை வரும், வரட்டும். காபரேட்டர் டயபிரம் புதிது. பாரின் ஒயில் குழாயை ஊதிச் சுத்தம் செய்திருக்கிறேன், பெருவிரலுக்கு அவ்வளவு பலம் தேவைப்படாது.

அஸ்ஃபர் கயிறு பிடிக்கக் கூடாது. ஒரு கையால் உங்களை எப்படி இழுப்பான்? தவிர, ஒரு தடவை கத்தியும் உங்களுக்குக் கேட்காமல் போனதால் அடுத்த தடவை அவன் தடுமாறுவான். கயிற்றை நான் பிடிக்கிறேன். நான் ஒரு பப்பாசி மரம்கூடச் சாய்க்காதவன்தான், நீங்கள் சொன்னது சரி. ஆனால் என் காது நன்றாக இருக்கிறது.

வியாழக்கிழமை த்ரீவீலில் மெஷினோடு வருகிறேன். டீச்சர் வீட்டாரை அன்று முழுக்க வெளியே இருக்கச் சொல்லுங்கள். மழை பெய்தால் வர மாட்டேன். காற்று அடித்தாலும் வர மாட்டேன். நான் எந்தக் காரணம் சொல்லித் திரும்பிப் போனாலும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

செல்லப்பா


தெல்தெனிய
2024 பெப்ரவரி 12

அன்புள்ள செல்லப்பா,

வியாழக்கிழமை உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. நீ அழுதுகொண்டே ஏதோ சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். என்ன சொன்னாய் என்று இதுவரைக்கும் தெரியாது.

என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன். சாயும் பக்கத்தில் வாய் மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டுப் பின்பக்கம் வெட்டி இறங்கினேன். கயிறு போட்டுச் சாய்ப்பை டீச்சர் வீட்டிலிருந்து திருப்பி, ஒழுங்கைப் பக்கம் கட்டியிருந்தோம் அல்லவா, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூள் நீளமாக வந்தது. மெஷின் பாரமாக, பழையபடி இருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு. அப்போது இடுப்பில் வெடுக்கென்று இழுத்தாய். சொன்னபடி கேள்வி கேட்கவில்லை. மெஷினை வெட்டிலேயே விட்டுவிட்டு உன் பக்கம் மூன்றெட்டு வைத்துத் திரும்பினேன். அடிமரம் நெடுகப் பிளந்து, பின்பாதி எழும்பி, நான் நின்ற இடத்தை நெஞ்சு உயரத்தில் அடித்தது. அதற்குப் பிறகு முழு மரமும் ஒழுங்கையில் விழுந்தது. ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

அவ்வளவு பெரிய மரம், செல்லப்பா. எனக்கு ஒரு சத்தமும் இல்லை. காலடியில் மண் ஒரு தடவை ஆடியது. இலைகள் மெதுவாக அடங்கின. டீச்சர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் பெரிய சத்தம் என்று தெரிந்துகொண்டேன். இத்தனை காலம் பயந்து பயந்து மறைத்தது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே முழுதாக விளங்கியது.

றம்லத்திடம் சொல்லிவிட்டேன். இனி இல்லை. அஸ்ஃபர் தோள் சரியானதும் சின்ன மெஷின் எடுத்துத் தனியாகச் செய்வான். நான் செயினுக்கு அரம் போட்டுக் கொடுப்பேன். அதற்குக் காது தேவையில்லை, பல்லைக் கண்ணால் பார்க்கலாம்.

உன் காதை அல்லாஹ் காப்பாற்றட்டும். பிளப்பதற்கு முன்னால் மரம் ஒரு சின்னக் குரல் கொடுக்கும். பழகின மரவெட்டிகளுக்கே மெஷின் இரைச்சலில் அது தப்பிப்போகும். பட்டறையை விட்டு வெளியே வராத நீ அதைப் பிடித்துவிட்டாய். அது எப்படிக் கேட்டது என்று எனக்கு எழுது. கடைசி மரத்தின் சத்தத்தையாவது நான் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

நஸீப்


கடுகண்ணாவை
2024 பெப்ரவரி 17

நஸீப் நானாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்லதாக ஒரு சத்தத்தைக் கற்பனை செய்து எழுதிவிடலாமா என்றும் நினைத்தேன். உங்களிடம் இனிப் பொய் வேண்டாம்.

மரத்தின் குரல் எனக்குக் கேட்கவில்லை நானா. ஒன்றுமே கேட்கவில்லை. அங்கே நின்ற நேரம் முழுக்க நான் மரத்தைக் கவனிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தது மெஷின். அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். கரகரவென்று தொடங்கியது, மரத்துக்குள் இறங்கினதும் தெளிந்தது, நீங்கள் எப்போதும் சொல்வதுபோல. பழைய பிஸ்டன் என்றாலும் நன்றாக ஓடுகிறதே என்று பெருமைகூட வந்தது. அப்போது குரல் திடீரென்று ஏறியது. கீச்சென்று ஒரே ஏற்றம். பசை கழன்றுவிட்டது, ஸ்குரூ ஆடிவிட்டது, பிஸ்டன் இந்தத் தடவையும் போகப் போகிறது என்று பதறித்தான் கயிற்றை இழுத்தேன். மெஷினை நிறுத்தச் சொல்லித்தான் இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. மரம் உள்ளே பிளந்து வெட்டு விரிந்திருக்கிறது. செயினுக்குப் பாரம் இல்லாமல் போயிருக்கிறது. அதனால் மெஷின் ஏறியிருக்கிறது. பசை அப்படியேதான் இருக்கிறது. ஸ்குரூ ஒன்றரைச் சுற்றில்தான் நிற்கிறது.

நான் அழுதுகொண்டே சொன்னது அதைத்தான். "நான் பிஸ்டனுக்குப் பயந்து இழுத்தேன் நானா, உங்களுக்குப் பயந்து இழுக்கல" என்று சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மன்னித்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். கேட்கவே இல்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. இப்போது படித்துக்கொள்ளுங்கள்.

ஆக அந்த மரத்தின் சத்தத்தை நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் இனி மரத்தடிக்குப் போக வேண்டாம்.

மெஷினில் மிச்சமிருந்த பெற்றோலை வடித்துவிட்டேன். மரம் பிளந்ததில் வளைந்த பாரைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருக்கிறேன். பிளக்கைத் துடைத்துக் கடதாசியில் சுற்றி சிந்துஜாவிடம் கொடுத்திருக்கிறேன், நுஹா கொண்டுவருவாள். நிறத்தைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறம், நீங்கள் காதால் வைக்கிற காலத்தில் வந்த அதே நிறம். அது உங்கள் பாதி. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மெஷின் ஓடாது. கடையில் வேறு பிளக் கிடைக்கும்தான். நான் வாங்க மாட்டேன்.

செல்லப்பா